கை என்னும் கான்ஜி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஏதாவது ஒரு கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்தை, பிடித்துக்கொண்டு கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஆளுக்கொரு எழுத்தைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தைச் சுற்றியே இருந்தன: கை. கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை, சத்தியவேடு, நகரி என்று எல்லைப் பக்கத்துக் கடிதங்கள்தான் அதிகம். ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் 2016இல் இசுசு கார் தொழிற்சாலை, 2023இல் டைக்கின் ஏசி தொழிற்சாலை என்று ஜப்பான் கம்பெனிகள் வந்திருக்கும் ஊர்ப்பக்கம் இது. நானும் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், ஜப்பானிய இன்ஜினியர் சொல்வதைத் தமிழிலும் தெலுங்கிலும் லைனில் நிற்பவர்களுக்குச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். கையால் வேலை செய்கிறவர்கள் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரு எழுத்துதான். ஜப்பானியச் சொற்களில் குறில், நெடிலை நான் எழுதியபடியே சொல்லுங்கள். நீட்டினாலோ குறுக்கினாலோ பொருள் மாறிவிடும்.

கேள்வி: எங்கள் லைனில் ஒரு பழைய மெஷின் ஜப்பானிலிருந்து அப்படியே வந்தது. ஆட்டோ, மேனுவல் மாற்றும் சுவிட்ச்சுக்கு இரு பக்கமும் ஜப்பான் எழுத்துதான் இருக்கிறது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்துபோய்விட்டது. பக்கத்துக்கு இரண்டு எழுத்து, அதில் இரண்டாவது எழுத்து இரு பக்கமும் ஒன்றேதான். எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வது, சென்செய் (ஆசிரியரே)?
– ஆபரேட்டர் ஒருவர், தடா

பதில்: தம்பி, முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லிப் புது ஸ்டிக்கர் ஒட்ட வையுங்கள். உங்களுக்கு எழுத்து தெரிந்துவிட்டாலும் அடுத்த ஷிப்டில் நிற்பவருக்குத் தெரியாது.

மேனுவலுக்கு ஜப்பானியர் சொல்வது ஷுதோ. ஆட்டோவுக்கு ஜிதோ. இரண்டிலும் பின்னால் வரும் எழுத்து ‘அசைவு, இயக்கம்’ என்பது. முன்னால் வரும் எழுத்துதான் வேறு. ஷுதோவில் முதல் எழுத்து கை: கையால் இயக்குவது. ஜிதோவில் முதல் எழுத்து ‘தான்’ என்பது: தானே இயங்குவது.

கை எழுத்தின் உருவத்தைச் சொல்கிறேன், பேனலைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். உச்சியில் வலமிருந்து இடமாகச் சரிகிற ஒரு சின்னக் கோடு. அதன் கீழே குறுக்காக ஒரு கோடு. அதற்கும் கீழே இன்னும் கொஞ்சம் நீளமாக இன்னொரு குறுக்குக் கோடு. கடைசியாக, நடுவில் மேலிருந்து இறங்கி, அடியில் தூண்டில் முள் போல இடப்பக்கம் வளைந்து முடிகிற கோடு. மொத்தம் நான்கே கோடு. ‘தான்’ எழுத்து பெட்டி மாதிரி மூடியிருக்கும். உள்ளே இரண்டு குறுக்குக் கோடு, மண்டையில் சரிவாக ஒரு சின்னக் கீற்று. பெட்டியாக இருந்தால் ஆட்டோ, திறந்து நின்றால் மேனுவல்.

உங்கள் பிரிவில் பிரஸ் மெஷின் இருந்தால் இன்னொரு சொல்லையும் பார்த்துவையுங்கள்: ர்யோத்தெ, அதாவது இரு கை. பிரஸ்ஸில் இரண்டு பட்டனைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை, அதாவது தகட்டை அழுத்தும் மேல் அச்சு, இறங்கும். இறங்கும்போது ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கிறவரை எதுவும் டைக்குள் போகாது. இதற்கு ர்யோத்தெ ஸோஸ, இரு கை இயக்கம் என்று பெயர். அந்த எழுத்துகள் ஒட்டியிருக்கும் மெஷினில் ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுபவரைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். புரொடக்‌ஷன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகள் ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகவேண்டும் என்று படிக்கிறாள். கை என்ற ஒரே எழுத்தைத் தெ என்கிறாள், ஷு என்கிறாள், இன்னொரு இடத்தில் இரண்டுமே இல்லை என்கிறாள். ராத்திரி எல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறாள், காலையில் மறந்துபோகிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
– தாய் ஒருவர், சத்தியவேடு

பதில்: அம்மா, அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். குழந்தையிடம் குறை இல்லை, படிக்கிற முறையை மாற்றினால் போதும்.

வகுப்பில் ஒரு விதி சொல்லித்தருவார்கள். எழுத்து தனியாக வந்தால் ஜப்பானியரின் சொந்த உச்சரிப்பு. இன்னொரு கான்ஜியோடு சேர்ந்து வந்தால் சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு. கை எழுத்துக்குச் சொந்த உச்சரிப்பு தெ, சீன உச்சரிப்பு ஷு. பல எழுத்துக்கு இது நன்றாகவே உதவும். கை எழுத்தை மட்டும் இந்த விதியை நம்பிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கடிதம் தெகமி: கை, காகிதம். கையுறை தெபுக்குரொ: கை, பை. மணிக்கட்டு தெகுபி: கை, கழுத்து. கைகால் தெ-அஷி. எல்லாவற்றிலும் இன்னொரு கான்ஜி சேர்ந்திருக்கிறது. இருந்தும் தெ என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே கை என்றாலே தெ என்று வைத்துக்கொள்ளட்டும். ஷு வருகிற இடங்களை மட்டும் தனியாகப் பழகினால் போதும்.

ஷு பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். ஒன்று, ஒரு வேலையைச் செய்யும் ஆளைக் குறிக்கும்போது, சொல்லின் கடைசியில். பாடகர் கஷு. விளையாட்டு வீரர் சென்ஷு. டிரைவர் உன்-தென்-ஷு. உதவியாளர் ஜொஷு. இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் காதே ஐந்தாவதைக் கண்டுபிடித்துவிடும். மற்றொன்று, கொஞ்சம் ஏட்டு வாடை உள்ள சொற்களில். அறுவை சிகிச்சை ஷுஜுட்சு. சைகை மொழி ஷுவ. கைதட்டல் ஹக்குஷு. கைகுலுக்கல் அக்குஷு. உங்கள் மகள் போகும் வேலையில் ஷுஜுட்சு அடிக்கடி காதில் விழும்.

இரண்டிலும் சேராத சொற்கள் சில உண்டு. திறமை ஜோஸு: எழுத்தில் ‘மேல், கை’. திறமையின்மை ஹெத்த: எழுத்தில் ‘கீழ், கை’. உதவுகிறேன் என்பது தெட்சுதைமஸ். ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுக் கான்ஜிப் பட்டியலே இந்த மூன்றையும் தனிச்சொற்களாகத்தான் குறிக்கிறது. அதனால் இவற்றில் எந்தப் பகுதிக்கு எந்த உச்சரிப்பு என்று பிரித்துப் பார்க்க முயலவேண்டாம். முழுச்சொல்லாக விழுங்கிவிடட்டும்.

ஜோஸு பற்றி ஒன்று. ஜப்பானியர் முன்னால் அவள் இரண்டு வாக்கியம் பேசினாலே ‘நிஹொன்கொ ஜோஸு தெஸ் நெ’ என்று பாராட்டுவார்கள். ‘மத மத தெஸ்’, இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று பதில் சொல்லட்டும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஜோஸு என்ற சொல்லை எடுக்கக்கூடாது. அது அடுத்தவர் சொல்லவேண்டிய சொல். தனக்கு வராததைச் சொல்ல நிகத்தெ இருக்கிறது. அதிலும் கை உண்டு: கசப்பு, கை. 

இனி படிக்கும் முறை. ஒரு எழுத்துக்கு ஒரு வாக்கியம், அதுவும் அவள் நாளைக்கு வாயால் சொல்லப்போகிற வாக்கியம். முதியவரை எழுப்பி நடக்கவைக்கும்போது சொல்வார்கள்: ‘தெசுரி நி ட்சுகமத்தெ குதசை’. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே பழகலாம். நீங்கள் படி ஏறுங்கள், அவள் சொல்லட்டும். ‘தெட்சுதைமஷோ க’, நான் உதவட்டுமா என்று கேட்கட்டும். இப்படிப் பழகிய சொல் காலையில் மறக்காது. ஜப்பானின் திறன் பணியாளர் விசாவுக்கு, ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்னும் அடிப்படை மொழித் தேர்வு கேட்கிறார்கள். முதியோர் பராமரிப்புக்கு அந்த வேலைக்கான மொழித் தேர்வு தனியாக உண்டு. அங்கே இப்படிப்பட்ட வாக்கியங்களும் வரும்.

கேள்வி: தேர்வில் டிக் அடிப்பதுதானே? கோடுகளை வரிசைப்படி எழுதிப் பழகுவது தேவையா? அப்புறம், கைக்கும் முடிக்கும் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதே?
– கல்லூரி மாணவர், ஆரம்பாக்கம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்குப் பதில். முடி என்ற எழுத்தை கெ என்பார்கள். அதற்கும் நான்கு கோடுதான். மேல் கீற்று, இரண்டு குறுக்குக் கோடு, எல்லாம் அதே. கடைசிக் கோடு மட்டும் கையில் இடப்பக்கம் வளையும், முடியில் வலப்பக்கம் வளைந்து மேலே தூக்கும். கண்ணால் மட்டும் பழகியவருக்கு இந்த இடம் எப்போதும் சந்தேகம்தான். பேனாவால் எழுதியவருக்குக் கடைசியில் கை எந்தப் பக்கம் போனது என்று விரலுக்கே தெரியும்.

ஜேஎல்பிடி தேர்வில் எழுதச் சொல்ல மாட்டார்கள் என்பது உண்மை. ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறு, சென்னை மையம், எல்லாம் கொள்குறி வினா. ஆனால் வேலைக்குப் போனபின் லைனில் உள்ள வெள்ளைப் பலகையில் ஜப்பானியர் மார்க்கரால் வேகமாக எழுதுவார். அச்செழுத்து மாதிரி இருக்காது. கோட்டின் வரிசை தெரிந்தவரால்தான் அந்த அவசரக் கையெழுத்தைப் படிக்கமுடியும். ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் 80 கான்ஜியில் கையும் ஒன்று. ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது 1,026. பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் 2,136. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மலைக்கவேண்டாம், ஏனென்றால் கை வேறு எழுத்துகளுக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறது. எழுத்தின் இடப்பக்கம் ஒடுங்கி, மூன்று கோடாகி நிற்கும்: குறுக்கே ஒன்று, கொக்கியோடு இறங்குவது ஒன்று, கீழிருந்து மேலே கீறுவது ஒன்று. இதை தெஹென் என்பார்கள். இது இருந்தால் கை செய்யும் வேலையாக இருக்கும் என்று ஊகிக்கலாம். பிடி, அழுத்து, எறி, அடி, பணம் கட்டு ஆகிய வினைகளிலும், விரல் என்ற எழுத்திலும் இதுதான் நிற்கிறது. கம்பெனியில் பட்டன் பக்கத்தில் ‘அழுத்து’ என்ற எழுத்து இருக்கும். இடப்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தடுமாறுவேன். பள்ளி முழுக்கத் தெலுங்கு மீடியம். இந்தக் கடிதமே என் மனைவி எழுதுவது. ஜப்பான் சொற்களைத் தெலுங்கில் எழுதிப் படிக்கலாமா?
– வாசகர், சூளூர்பேட்டை

பதில்: ஹிரகன, அதாவது ஜப்பானியரின் ஒலி எழுத்துகள், மனசில் நிற்கும்வரை தாராளமாக எழுதுங்கள். சொல்லப்போனால் உங்கள் கையில் இருப்பது நல்ல கருவி. தமிழில் ககரம் ஒன்றுதான். சாவி என்பதற்கும் ஒருவகைப் பழம் என்பதற்கும் ஜப்பானியத்தில் இருக்கும் வேறுபாடே அந்தக் ககரத்தின் அதிர்வுதான்; தமிழில் எழுதினால் இரண்டும் ககி ஆகிவிடும். தெலுங்கில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. தெ என்று நான் இங்கே எழுதுவதைக்கூடத் தமிழ் வாசகர் அதிர்த்துச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது, உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது. குறில் எகரம், ஒகரமும் தெலுங்கில் இருக்கிறது. 

இன்னும் ஒன்று: போதும் என்பதற்கு நீங்கள் சொல்கிற ‘சாலு’, பின்னலுக்குச் சொல்கிற ‘ஜட’, இந்த இரண்டின் முதல் ஒலியும் பல்லருகே பிறக்கிறது. ஜப்பானியத் ‘ட்சு’வும், ஜோஸுவின் கடைசி ஒலியும் ஏறக்குறைய அங்கேதான் பிறக்கின்றன. என் வகுப்பில் சென்னைப் பிள்ளைகள் திணறும் இடத்தைச் சூளூர்பேட்டைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஹிரகன வந்தபிறகு தெலுங்கை விட்டுவிடுங்கள், தமிழர்கள் தமிழை விடுவதுபோல.

கேள்வி: ஜப்பானிய மேனேஜர் லைனைச் சுற்றும்போது தெமச்சி, தெமச்சி என்று சொல்லிக் குறித்துக்கொள்கிறார். எங்களைத் திட்டுகிறாரா?
– லைன் லீடர், கும்மிடிப்பூண்டி சிப்காட்

பதில்: இல்லை. அவர் குறிப்பது லைனை. தெமச்சி என்றால் கை காத்திருப்பது. முந்தின ஸ்டேஷனிலிருந்து பொருள் வரவில்லை, அல்லது மெஷின் சைக்கிள் முடியவில்லை, ஆள் சும்மா நிற்கிறார். டொயோட்டாவில் ஓனோ தாய்ச்சி என்ற இன்ஜினியர் வகுத்த ஏழு வகை வீணடிப்புகளில் இது ஒன்று. ஆளைக் குற்றம் சொல்லும் சொல்லாக அது வைக்கப்படவில்லை. வேலையைப் பங்கிட்டதில் எங்கோ கோளாறு என்று காட்டும் சொல் அது. அடுத்த முறை குறித்தால், எத்தனை விநாடி, எதற்காகக் காத்திருந்தோம் என்று சொல்லுங்கள். அவர் முகம் மலரும்.

இதே வரிசையில் வேறு சிலவும் உங்களுக்கு வேண்டியிருக்கும். தெஜுன், வேலையைச் செய்யும் வரிசை. அது எழுதப்பட்ட தாள் தெஜுன்ஷொ. தெ-ந-ஒ-ஷி, ரீவொர்க், அதாவது பிழையான பொருளை மறுபடி சரிசெய்வது. குன்தெ, அந்த வெள்ளைப் பருத்திக் கையுறை. முதல் எழுத்து ராணுவம், ஒரு காலத்தில் சிப்பாய்கள் போட்டது. சுழலும் டிரில் பக்கம் குன்தெ போடக்கூடாது என்பார்கள், நூல் மாட்டினால் கையையே இழுத்துவிடும். ‘தெ ஒ நுகு’ என்றால் கையை உருவிக்கொள்வது, அதாவது செய்யவேண்டியதை அரைகுறையாகச் செய்வது. அதைச் சொன்னால் மட்டும் அது உண்மையான திட்டு. மாதக் கடைசியில் ‘நெகொ நொ தெ மொ கரித்தை’ என்று புலம்புவார். பூனையின் கையைக்கூடக் கடன் வாங்கலாம் போலிருக்கிறது, அவ்வளவு வேலை.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் என் அண்ணன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். கை எழுத்து பல வரிகளில் இருக்கிறது.
– வாசகி, எளாவூர்

பதில்: அது தெ-அத்தெ, அலவன்ஸ். ஓவர்டைம் படி என்றால் ஸன்க்யோ தெ-அத்தெ. குடும்பப்படி, பயணப்படி எல்லாவற்றுக்கும் பின்னால் அது வரும். காயத்துக்குச் செய்யும் சிகிச்சைக்கும் இதே தெ-அத்தெதான். பிடித்தம் போகக் கையில் வருவதைப் பேச்சில் தெதொரி என்பார்கள். அண்ணனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் தெதொரி எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: கராத்தேயில் வரும் ‘தே’ கைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்துக்கோட்டை

பதில்: ஆம் ஐயா, வெறுங்கை. ஆனால் முதல் எழுத்து முன்பு வேறு. சீனாவைக் குறிக்கும் ‘தாங்’ எழுத்தை வைத்து எழுதினார்கள், அதையும் கர என்றே படித்தார்கள். 1930களில் ‘வெறுமை’ எழுத்து நிலைபெற்றது. உச்சரிப்பு மாறவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் தறி நெய்கிறோம். ஸ்ரீசிட்டிக்கு வந்திருக்கும் ஜப்பானியக் குடும்பத்துப் பெண்கள் சிலர் புடவை, துப்பட்டா பார்க்க வருகிறார்கள். கைத்தறி என்று எப்படிச் சொல்வது? அவர்கள் கூகுளைக் காட்டுகிறார்கள், எனக்கு வாயால் சொல்ல ஆசை.
– நெசவாளர் வீட்டுப் பெண், நகரி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது, தங்கச்சி. ‘கொரெ வ தெ-ஒரி தெஸ்’. இது கையால் நெய்தது. தெ-ஒரி என்பது கையும் நெசவும் சேர்ந்த சொல். பவர்லூம் துணியையும் அருகில் வைத்திருந்தால் அதைக் காட்டி ‘கிக்கை-ஒரி’, இயந்திர நெசவு என்று பிரித்துச் சொல்லுங்கள். நகரி பக்கம் இரண்டும் ஓடுவதால் இந்த வேறுபாட்டை நேர்மையாகச் சொல்வது உங்களுக்குத்தான் நல்லது. ஜப்பானிலும் கிமோனோ துணியைக் கையால் நெய்யும் ஊர்கள் உண்டு, அதன் விலை ஏன் கூடுதல் என்று அவர்களுக்குப் புரியும். 

துணியைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தெஸவரி க ஈ தெஸ் நெ’ என்பார்கள். தெஸவரி என்றால் தொடும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு. அதைச் சொல்லிவிட்டால் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கையால் செய்த எந்தப் பொருளுக்கும் தெஸுகுரி. குஞ்சம், பை, பொம்மை எல்லாவற்றுக்கும் செல்லும்.

எப்படித் துவைப்பது என்று கட்டாயம் கேட்பார்கள். ‘தெ-அரய்’ என்று சொல்லுங்கள், கையால் அலசுவது. முன்னால் ‘ஒ’ சேர்த்து ஒ-தெ-அரய் என்றால் கழிவறை என்று பொருள், ஆகவே துணிக்கு ‘ஒ’ வேண்டாம். கூடவே ‘மிஸு தெ’, தண்ணீரில், என்று சேர்த்துவிடுங்கள். வெந்நீரில் போட்டால் சாயம் போகலாம். அந்த ‘தெ’யை ‘பந்தம்’ என்பதில் வரும் ‘த’ போல அதிர்த்துச் சொல்லவேண்டும், அது கை இல்லை, ‘ஆல், இல்’ என்னும் உருபு. துணியோடு ஒரு சின்ன அட்டை கட்டிக் கொடுக்க விரும்பினால், கைத்தறி, கைத்துவைப்பு என்ற இரண்டு சொல்லையும் ஜப்பானிய எழுத்தில் எழுதி இதழின் முகவரிக்கே அனுப்புங்கள். கோட்டின் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அதன் பிறகு அச்சடியுங்கள்.